நாற்பத்தொரு நாள் சர்வீஸ்

1

நெய்வேலியில் நாம் படித்த பள்ளியின் பழைய மாணவர் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டிருந்தீர்கள். 'போர்னியோ கடலோரம் மோட்டார் சைக்கிளில்' என்று தலைப்பையும் நீங்களே போட்டு, நான்கு வண்ணப் படங்களும் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். படங்கள் இல்லை. தலைப்பை மாற்றிவிட்டேன். போன மலரில் என் பெயருக்கு முன்னால் 'தம்பிக்காக நிரந்தர வேலையை விட்டுக்கொடுத்த' என்று ஓர் அடைமொழி சேர்த்தீர்கள். அதைப் பற்றியும் இதில் வரும். பிடிக்காவிட்டால் அச்சேற்ற வேண்டாம்.

நான் இருப்பது பாலிக்பாப்பான் என்ற துறைமுக ஊர். போர்னியோத் தீவில் இந்தோனேசியாவைச் சேர்ந்த பகுதியில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கன்வேயர் பெல்ட் ஒட்டுகிற வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இப்போது ஓய்வு. மனைவி மார்த்தா இந்த நாட்டுக்காரி. மகள் சுரபாயாவில் வேலை பார்க்கிறாள். அவள் பதினொரு வயதில் என்னோடு தமிழில் பேசுவதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு நான் தமிழில் கேட்பேன், அவள் தன் மொழியில் பதில் சொல்வாள். இப்போது நான் கேட்பதும் குறைந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்து டயரியில் தேதி, மழை உண்டா இல்லையா, யார் போன் செய்தார்கள் என்று எழுதுகிறேன். மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும்.

ஏப்ரல் இருபதாம் தேதி மாலை என் தம்பி ஆரோக்கியசாமி இங்கே வந்து இறங்கினான். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. நான் அழைக்கவில்லை. நான்கு நாள் முன்னால் போன் செய்து, "டிக்கெட் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னான். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வாக்கியம், "போட்டோல இருக்கறதவிட கெழவனா இருக்க." அண்ணா என்று கூப்பிடவில்லை. நானும் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை நான் வாங்கப் போனேன். அவன் கையை மாற்றிக்கொண்டான்.

கார் நிறுத்திய இடத்துக்கு நடப்பதற்குள் நான் ஒரு கழித்தல் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அவனுக்கு மே முப்பத்தொன்றில் ரிட்டயர்மென்ட். இறங்கிய நாளை விட்டால் மிச்சம் நாற்பத்தொரு நாள்.

2

இந்தக் கணக்கை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலரை உங்கள் வெளியூர் மருமக்களும் படிப்பார்கள்.

பர்மனெண்ட் ஆள் ரிட்டயர் ஆனால் மாலை, சால்வை, குரூப் போட்டோ, அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு கடிதம். பர்மனெண்ட் ஆள் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனால் வாரிசுகளில் ஒருவருக்கு வேலை. எங்கள் காலத்தில் அப்படி இருந்தது. இப்போது விதி எவ்வளவு மாறியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. பேச்சு மாறவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வருஷம் சர்வீஸ் மிச்சம் இருந்தது என்பதுதான். எங்கள் பிளாக்கில் ஒருவர் ரிட்டயர் ஆன மூன்றாம் வாரம் மாரடைப்பில் போனார். பந்தலில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "ஒரு மாசம் முன்னால ஆகியிருந்தா பையனுக்காவது வழி பொறந்திருக்கும்" என்றார்கள். அந்தப் பையனும் அங்கேதான் டீ கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்கள் அப்பா மைன்ஸில், அதாவது ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில், பெல்ட் ஆபரேட்டர். ரிட்டயர்மென்டுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, கடலூர் போய்விட்டு மொபெட்டில் திரும்புகையில், குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் கரும்பு லாரியில் மோதி இறந்தார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாக டவுன்ஷிப் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியத்துக்கு இருபது, கடலூரில் குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தான். வாரிசு வேலை எனக்குத்தான் என்று பங்குச்சாமி முதல் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். பிணத்தின் மேல் ஏறி வருகிற வேலை எனக்கு வேண்டாம் என்று, படித்த புத்தகங்களின் தைரியத்தில், அம்மாவின் முன்னால் சொன்னேன். உண்மை என்னவென்றால் எனக்கு அந்த ஊரை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். வேலையை எடுத்துக்கொள்ள வா என்று குருமடத்துக்குத் தந்தி அடித்தேன். அவன் அங்கியைக் கழற்றிவிட்டு வந்தான். அவனுக்கு வேலை கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் நாற்பது வருடமாக நீங்கள் எனக்கு அடைமொழி கொடுக்கிறீர்கள்.

அந்த வேலையைச் செய்து, அம்மாவைக் கடைசிவரை வைத்திருந்து, கல்யாணம் செய்து, ஜெரால்டு என்று ஒரு மகனைப் பெற்றான் ஆரோக்கியம். ஜெரால்டுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருடமாக அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை. அப்பன் ரிட்டயர் ஆகிவிட்டால் வாரிசு என்ற பேச்சே இல்லை.

வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியம் கேட்டான்: "இங்க வண்டி வாடகைக்கு கெடைக்குமா? கடலோரமா போவணும். லாரி போற ரோடா இருக்கணும்."

நான் தட்டோடு எழுந்து கை கழுவப் போனேன்.

3

மறுநாளிலிருந்து தடுக்கப் பார்த்தேன். காரில் போகலாம் என்றேன். பஸ் இருக்கிறது என்றேன். "பஸ்ல போறதுக்கு நான் நெய்வேலியிலயே இருந்திருப்பேன்" என்றான். இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் வண்டி ஓட்ட ஆயிரம் தாள் வேண்டும், போலீஸ் பிடித்தால் விசா சிக்கல் என்று பயமுறுத்தினேன். பெட்டியைத் திறந்து லைசன்ஸையும் சர்வதேசப் பர்மிட்டையும் மேசையில் போட்டான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி பார்த்தேன். லைசன்ஸ் வழங்கிய தேதி இந்த வருடம் பிப்ரவரி. புதுப்பித்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஆக இரண்டு மாதமாகத் திட்டமிட்டிருக்கிறான். அந்தத் தேதியை டயரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மார்த்தாவிடம் என் பயத்தைச் சொன்னேன். இவள் மொழியில் அதை விளக்க அரை மணி நேரம் பிடித்தது. முதலில் சிரித்தாள். பிறகு, அப்படியென்றால் உங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய அப்பாக்களெல்லாம் உயிரோடு இருப்பதற்கு மகன்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேவா இருப்பார்கள் என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நீ எங்கள் ஊரைப் பற்றிப் பேசாதே என்றேன்.

ஆரோக்கியம் குளிக்கப் போன நேரத்தில் ஜெரால்டுக்குப் போன் செய்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "நீங்கதான பெரியப்பா பக்கத்துல இருக்கீங்க, என்ன கேக்கறீங்க" என்றான். லீவு போட்டுவிட்டுத் திடீரென்று கிளம்பிவிட்டார், எங்களிடம் ஒன்றும் பேசவில்லை என்றான். இங்கே கடலோரம் வண்டியில் சுற்றப் போகிறோம் என்று நான் சொன்னதும், "வண்டியா? அப்பாவா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தான். எனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறவனின் மௌனம் என்று அதற்கு அர்த்தம் வைத்தேன். என் சொந்தத் தம்பி மகனைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

கடைசியில் சம்மதித்தேன். நான் பின்னாலேயே வருவேன் என்ற நிபந்தனையோடு.

"நீ பின்னால வந்து எத தடுக்கப் போற?" என்றான்.

4

ஏப்ரல் இருபத்துநான்கு. மிச்சம் முப்பத்தேழு.

பாலிக்பாப்பான் வளைகுடாவைப் படகில் கடந்தால் மறுகரை பெனாஜாம். அங்கிருந்து கடலை ஒட்டியும் விலகியும் தெற்கே பாசெர் மாவட்டத்துக்கு ஒரு சாலை போகிறது. அவனுக்குக் கியர் இல்லாத ஸ்கூட்டர், எனக்கு என் பழைய ஹோண்டா. இந்த நாட்டு நம்பர் பிளேட்டில் வண்டி எண்ணுக்குக் கீழே ஒரு மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தேதியோடு பிளேட் காலாவதி. படகில் வண்டிகள் நெருக்கமாக நின்றபோது ஆரோக்கியம் அதைச் சுட்டிக்காட்டி என்னவென்று கேட்டான். சொன்னேன். "நம்ம ஊர்ல மனுஷனுக்கு போடுவாங்க" என்றான்.

வெப்பமண்டலக் கடலோரம் பற்றிப் பயண நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடல் நீலமாக இருக்கும், தென்னை சாய்ந்திருக்கும், எழுதுகிறவர் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கடல் பழுப்பு. ஆற்றுச் சேறு பல மைல் தூரம் உள்ளே போய்க் கலந்திருக்கிறது. கரையில் தென்னைக்குப் பதில் சேற்றிலிருந்து முளைத்த நீப்பாப் பனையின் ஓலைகளும், கால்களை ஊன்றி நிற்கும் சதுப்பு மரங்களும். தூரத்தில் நிலக்கரி ஏற்றிய தட்டைப் படகுகளைச் சிறு கப்பல்கள் இழுத்துப் போகின்றன. மேட்டுப் பக்கம் முழுக்க எண்ணெய்ப் பனை. காற்றில்லை. ஹெல்மெட்டுக்குள் மண்டை வேகிறது. பத்து நிமிடம் மழை கொட்டும், பிறகு ரோட்டிலிருந்தே ஆவி வரும். நான் இதை அழகு என்று யாருக்கும் எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை.

அந்தச் சாலையில் பனைக்குலை லாரிகள் ஓடுகின்றன. முள் முள்ளாக, கருஞ்சிவப்பாக, மனிதத் தலை அளவில் குலைகள் விளிம்புக்கு மேலே குவிந்திருக்கும். பள்ளத்தில் லாரி விழுந்தால் இரண்டு குலை கீழே உருளும். ஆரோக்கியம் அந்த லாரிகளை ஒட்டியே போனான். இடப்பக்கம் தாராளமாக இடம் இருக்கும். இவன் வண்டி சக்கரத்தின் பக்கம் சாயும். கடைசி நொடியில் நேராக்குவான். நான் ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் மரத்துப்போனது. லாரிக்கும் அவனுக்கும் நடுவில் என் வண்டியைச் செருகினேன். அவன் வேகத்தைக் குறைத்து, என்னை முன்னால் விட்டு, மறுபடி அடுத்த லாரியின் பக்கம் போனான்.

சாலையோரம் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெண் நாற்காலி போட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினான். கிளம்பும்போதும் அது அங்கேயே தொங்கியது. போடு என்றேன். கழுத்து வலிக்கிறது என்றான். நான் கத்தினேன். கடைக்காரப் பெண் உள்ளே போய்விட்டாள்.

"நீ இன்னா என் மேஸ்திரியா?" என்றான். "நாப்பது வருஷம் கழிச்சி தலைக்கு தொப்பி போடச் சொல்ல வந்துட்டான்."

"விழுந்தா நான் என்னடா பதில் சொல்றது?"

"யாருக்கு? உன் டயரிக்கா?"

ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் நானே கவிழ்த்தேன். கையைத் தட்டிவிட்டான். அறுபதும் அறுபத்துமூன்றும் ஆன இரண்டு பேர் நடுரோட்டில் தள்ளிக்கொண்டதைப் பார்த்து ஒரு லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்துச் சிரித்துக்கொண்டே போனான். கடைசியில் போட்டுக்கொண்டான், வாரைக் கட்டாமல்.

மாலை ஐந்து மணிக்குக் குவாரோ என்ற சந்திப்பு ஊரில் அறை எடுத்தோம். ஒரே அறையில், சுவரைப் பார்த்தபடி ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: லாரி பக்கம் சாய்ந்தது ஒன்பது முறை.

5

இருபத்தைந்தாம் தேதி. முப்பத்தாறு.

குவாரோவிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் பாசிர் மாயாங் என்று ஒரு கடற்கரை. நாங்கள் போன நேரம் நீர் வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஈரச் சேறு, அதில் சிப்பி பொறுக்கும் நாலைந்து பெண்கள். ஆரோக்கியம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினான். நான் உட்காரவில்லை.

"சாகறதுக்குத்தான் இங்க வந்தியா?" என்று கேட்டேன்.

அவன் திகைக்கவில்லை. "இன்னிக்கு எத்தினின்னு சொல்லு. நீ எண்ணிகினுதான இருப்ப."

"முப்பத்தாறு."

"சரியா இருக்கு" என்றான். பிறகு கடலைப் பார்த்தபடி பேசினான். வீட்டில் எல்லோரும் எண்ணுகிறார்களாம். யாரும் கெட்டவர்கள் இல்லை, வாயைத் திறந்து யாரும் எதுவும் சொன்னதில்லை, ஆனால் எண்ணுகிறார்கள். காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மனைவியின் கை ஒரு நொடி நிற்கிறதாம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், 'இன்னும் சர்வீஸ் இருக்கு, உடம்ப பாத்துக்க' என்று கண்ணடித்துச் சிரிக்கிறாராம். இவனும் சிரிக்கிறானாம். போன டிசம்பரில் ஒருநாள் வடலூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது, வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்ததைக் கவனித்தானாம். பயந்துபோனானாம்.

"பயந்தவன் எதுக்கு இங்க வந்த?"

"உன்ன பாத்தா எனக்கு கோவம் மட்டுந்தான் வரும். கோவமா இருக்கறவனுக்கு சாவணும்னு தோணாது. அதான் வந்தேன்."

"அப்ப லாரி பக்கத்துல சாயறியே, அதுக்கு என்ன பேரு?" என்றேன்.

"ஓட்டத் தெரியாததுன்னு பேரு."

நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த பிப்ரவரித் தேதி புதுப்பித்த தேதி இல்லை. அவன் வாழ்நாளில் வாங்கிய முதல் லைசன்ஸ். அப்பா இறந்த பிறகு அவன் எஞ்சின் வைத்த இருசக்கர வண்டியில் உட்கார்ந்ததே இல்லை, பின் சீட்டில்கூட. ஷிப்டுக்குக் கம்பெனி பஸ், மற்றதற்கு சைக்கிள் அல்லது நடை. டவுன்ஷிப்பில் அப்படி ஒருவன் நாற்பது வருடம் வாழ்ந்துவிட முடியும். வீட்டுக்குத் தெரியாமல் வடலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி, அறுபது வயதில், பொட்டல் மைதானத்தில் எட்டுப் போட்டுக் கற்றிருக்கிறான். அதனால்தான் 'வண்டியா? அப்பாவா?' என்று ஜெரால்டு வாயடைத்துப் போனான். வீட்டில் எல்லோருடைய பிறந்தநாளையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் தம்பி வண்டி ஓட்ட மாட்டான் என்பது தெரியாது.

"ஹேண்டில் என் கையில இருக்கணும். லாரி பக்கத்துல வரணும். நான் அதும்மேல திருப்பாம போவணும். என்னால முடியுமான்னு பாக்கணும்" என்றான்.

"அத நெய்வேலியில பாக்கறதுக்கு என்ன?"

"அங்கன்னா திருப்பியிருப்பேன்." செருப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பா திருப்புனாரு."

அது விபத்து என்றேன். போலீஸ் எழுதியது, நான் படித்தது, கரும்பு லாரி, மாலை வெயில் கண்ணில் அடித்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அன்னிக்கு அப்பா கடலூருக்கு எதுக்கு வந்தாரு தெரியுமா? என்ன பாக்க. குருமடத்து விசிட்டர் ரூம்ல உக்காந்து வாழைப்பழம் குடுத்தாரு. 'பெரியவனுக்கு வேலைக்கு வழி ஆயிடும், நீ எது நடந்தாலும் படிப்ப வுட்டுட்டு வந்துடாத'ன்னாரு. எப்படிப்பான்னேன். 'ஆயிடும்'னாரு. கெளம்பும்போது சட்டப் பையிலருந்து கேட் பாஸ எடுத்து என் கையில வெச்சாரு. நாளைக்கு ஷிப்டுக்கு வேணாமான்னு கேட்டேன். வேணான்னுட்டாரு."

கேட் பாஸ் இல்லாமல் மைன்ஸுக்குள் ஒரு ஆள் காலெடுத்து வைக்க முடியாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் அப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். இறந்த பிறகு, வாரிசு விண்ணப்பத்தோடு பாஸைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். உடைமைகளில் அது இல்லை. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், விபத்தில் காணாமல் போய்விட்டது என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்து சான்று வாங்கினேன். ஆரோக்கியம் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மேசை ஆடாமல் இருக்க அவன்தான் பிடித்துக்கொண்டான்.

"உனக்காக திருப்புனாரு. நீ வாங்கிக்கல. எனக்காக யாரும் சாவல, ஆனா நாப்பது வருஷம் அந்த வேலைய செஞ்சவன் நான்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த வேலைய நீ எடுத்துகினு இருப்ப. எடுத்து ரெண்டே வருஷத்துல நீயும் எங்கியாவது திருப்பியிருப்ப. உன்ன எனக்குத் தெரியும். அதுக்குத்தான் தந்தி வந்ததும் வாயத் தொறக்காம வந்து நின்னேன். இதுக்கு உனக்குப் பட்டம் குடுக்கறாங்க, புஸ்தகத்துல போடறாங்க, அத ஜெரால்டு எனக்கே படிச்சிக் காட்டறான்."

சிப்பி பொறுக்கிய பெண்கள் கரையேறி எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வணக்கம் சொல்லாமல் நகர்ந்தாள்.

அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். "மே முப்பத்தொண்ணாந்தேதி என் கேட் பாஸ நான் என் கையால ஆபீஸ்ல குடுப்பேன். எம்புள்ள கையில குடுக்க மாட்டேன். அவனுக்கு வேலை வந்தா வரட்டும், இல்லன்னா போவட்டும். ஆனா அங்க போனதும் எனக்கு கை திரும்பிடுமோன்னு பயமா கீது. இங்க ஓட்டிப் பழகினா அங்க திரும்பாது. அவ்ளோதான். நீ நடுவுல வந்து நடுவுல வந்து கெடுக்காத."

6

திரும்பும் வழியில் நான் நடுவில் போகவில்லை. நூறடி பின்னால் வந்தேன். அவன் ஹெல்மெட்டின் வாரைக் கட்டியிருந்தான். லாரிகள் வந்தன. சாய்ந்தான், நேராக்கினான், சாய்ந்தான். ஒரு வளைவில் எதிரே வந்த லாரியின் காற்று அவனைச் சாலை ஓரத்துப் புல்லுக்குத் தள்ளிவிட்டது. விழவில்லை, காலை ஊன்றி நின்றான். நான் இறங்கி ஓடினேன். "கிட்ட வராத" என்றான். அங்கேயே நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து வண்டியைக் கிளப்பினான். அதற்கப்புறம் வந்த லாரிகளுக்கு அவன் விட்ட இடைவெளி ஓரளவு சரியாக இருந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

பெனாஜாம் படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். நாற்பது வருடத்துக்குச் சேர்த்து ஏதோ சொல்ல வேண்டும் என்று நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே ஒரு வாக்கியம். "என்ன மன்னிச்சிடு ஆரோக்கியம்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இரக்கமே இல்லை.

"பாவமன்னிப்பு குடுக்கற எடத்துல நான் இல்ல. அந்த எடத்துலருந்து என்ன எறக்குனதே நீதான். வேற யாராவது சாமியாருகிட்ட போய்க் கேளு."

படகின் கதவு இறங்கியது. வண்டிகள் உறுமின. அவன் பலகை மேல் ஏற்றும்போது ஸ்கூட்டர் வழுக்கியது. படகுக்காரன் ஒருவன் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினான். நான் கை நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் தட்டிவிட்டிருப்பான்.

7

மே பதினொன்றில் கிளம்பினான். இருபது மிச்சம். அதுவரை இரண்டு வாரம், தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலைக்குப் போய் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிவிட்டு, வியர்த்து வழிய வந்து சாப்பிட உட்காருவான். என்னோடு அதிகம் பேசவில்லை. மார்த்தாவோடு, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல், நிறையப் பேசினான். அவள் அவனுக்கு மட்டும் மீனைக் காரமாகச் செய்தாள்.

விமான நிலையத்தில், மலருக்கு இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. நாப்பது வருஷமா தப்பா போட்டுகினு இருக்காங்க. ஒரு தடவ ஒழுங்கா போடட்டும்" என்றான். பிறகு பாதுகாப்பு வரிசைக்குள் போனவன், பெல்ட்டையும் ஷூவையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மறுபக்கம் போய்விட்டான்.

அடுத்த இருபது நாளும் என் டயரியில் எண்கள் மட்டுமே இருக்கின்றன. நான் அவனுக்குப் போன் செய்யவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதோ என்று பயம். ஜெரால்டுக்குத் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்தி அனுப்பினேன், மழையா, வெயிலா, அவன் அம்மாவுக்கு முட்டி வலி எப்படி என்று. சுருக்கமாகப் பதில் போடுவான். மே இருபது முடிந்தது. ஒருநாள் பகல் முழுக்கப் பதில் வரவில்லை. மார்த்தா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாலையில் திறந்தபோது, டவர் இல்லை பெரியப்பா என்று வந்திருந்தது.

மே முப்பத்தொன்று, இங்கத்திய நேரம் பிற்பகல் மூன்றரைக்கு ஜெரால்டின் செய்தி வந்தது. நீளமாக இருந்தது, அவன் வழக்கத்துக்கு மாறாக. அப்படியே தருகிறேன்.

"பெரியப்பா, காலைல அப்பா ஆபீஸ்ல கேட் பாஸ் ஒப்படைச்சிட்டாரு. மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. குவார்ட்டர்ஸ் காலி பண்ற லெட்டரும் குடுத்துட்டாங்க, வடலூர்ல வீடு பாத்துகினு இருக்கோம். எனக்கு செகண்ட் ஷிப்ட். பஸ் போயிடுச்சி, அதனால அப்பா பக்கத்து வீட்டு வண்டிய வாங்கி, என்ன பின்னால உக்கார வெச்சிகினு கான்ட்ராக்ட் கேட் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. எப்ப கத்துகினாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. ரொம்ப மோசமா ஓட்றாரு பெரியப்பா."